பாட்டில் பிடித்த பாய்

"தூக்கக் கலக்கத்துல என்னத்தையோ பாத்திருப்பீங்கக்கா"ன்னு தயவுசெஞ்சு யாரும் சொல்லிடாதீங்க. கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. அன்னிக்கு நான் தூங்கவே இல்ல. நடந்ததும் ராத்திரி இல்ல, பட்டப்பகல். கஜா புயல் கரையேறுன அன்னிக்கு. சத்தியமா நடந்தது.

என் பேரு செல்வராணி. விராலிமலைக்காரி. அப்போ கோட்டைப்பட்டினம் பக்கத்துல ஒரு கடற்கரை ஊர்ல கவர்மெண்ட் நர்ஸ். ஊர் பேரு வேண்டாம். அந்தப் பள்ளிக்கூடத்துல இன்னமும் பிள்ளைங்க படிக்குதுங்க.

விடியறதுக்குள்ள எங்க ஆஸ்பத்திரிக் கூரை பறந்துருச்சு. அடிபட்டவங்களப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிட்டுப் போனோம். டாக்டர் முத்துராமன் ஒருத்தர், நான் ஒருத்தி. கரண்ட் இல்ல. போன் இல்ல. தகரம் வெட்டுனது, சொவரு விழுந்தது, தென்னை சாஞ்சதுன்னு ஆளுங்க வந்துக்கிட்டே இருந்தாங்க. மருந்து இருந்துச்சு, சலைன் இருந்துச்சு. பாட்டில மாட்டுற ஸ்டாண்டுதான் ஒண்ணுகூட மிஞ்சல. அதனால ஆளுங்களே கையத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு நின்னாங்க. நீங்க வேணா இப்பவே கையத் தூக்கி நின்னு பாருங்க, பத்து நிமிஷத்துல தோள்பட்டை கழண்டுரும். அதுக்காக ஒருத்தருக்கொருத்தர் கை மாத்திக்குவாங்க. "குடுங்க, நான் புடிக்கிறேன்"னு வாங்கிக்கணும். அதான் அன்னிக்கு அங்க நடந்த வைத்தியம்.

எனக்கு உசுரே போன மாதிரி இருந்தது ஆஃப்ரீன் விஷயத்துலதான். எட்டு மாசக் கர்ப்பிணி. புருஷன் சார்ஜாவுல. வீட்டுச் சொவரு விழுந்து தொடை கிழிஞ்சு ரத்தம் கொட்டிப்போச்சு. கட்டுப் போட்டாச்சு, ஆனா பிரஷர் எறங்கிக்கிட்டே வந்துச்சு. டாக்டரு என்னைத் தனியா கூப்பிட்டாரு.

"ஆம்புலன்ஸ் வண்டி வர்ற வரைக்கும் சலைன் நிக்கக் கூடாது சிஸ்டர். நின்னா ரெண்டு உசுரும் போயிரும்."

வண்டி எங்க வர்றது! ரோடு முழுக்க மரம். இளவட்டப் பசங்க ரம்பம் வச்சு அறுத்துக்கிட்டு இருந்தாங்க.

ஜமாத்துலேர்ந்து உதவிக்கு வந்த ரிஃபாய்தான் முதல்ல பாட்டிலப் புடிச்சான். நல்ல பையன். என் காதுகிட்ட வந்து, "அக்கா, ஆஃப்ரீனோட அத்தாவும் அதே சொவத்துக்கு அடியிலதான் இருந்தாங்க. விடியக்காலையிலயே மவுத்தாயிட்டாங்க. கடைசி ரூம்புல வச்சிருக்கோம். அதுகிட்ட சொல்லிறாதீங்க"ன்னான். அப்பா செத்த சேதிய நான் எதுக்குச் சொல்லப் போறேன். எனக்கு அழக்கூட நேரமில்ல.

கொஞ்ச நேரத்துல அவன் கை தளர்ந்து பாட்டில் கீழ வந்துருச்சு. டியூப்புல ரத்தம் மேல ஏறுது! எனக்கு வந்துச்சே கோவம். "டேய், தூக்குடா! முடியலன்னா கை மாத்து!"ன்னு கத்துனேன். அந்த நேரம் பாத்து வாசல்ல ஒரு ஆளக் கட்டிலோட இறக்குறாங்க. ரிஃபாய் பாட்டில என் கையில திணிச்சுட்டு அங்கிட்டு ஓடிட்டான். நான் இன்னொரு கையால ஒரு பிள்ளையோட மண்டையில பஞ்ச அமுக்கிக்கிட்டு இருக்கேன். திரும்பிக்கூடப் பாக்கல.

"யாராச்சும் வாங்குங்களேன்பா..."

ஒரு கை வந்து வாங்குச்சு.

ஐஸ் பெட்டிக்குள்ள விட்டு எடுத்த கை மாதிரி இருந்துச்சு. நிமிந்து பாத்தேன். கட்டம் போட்ட கைலி, வெள்ளத் தாடி. அம்பது வயசுக்கு மேல இருக்கும். தலையெல்லாம் ஈர மண்ணு. அன்னிக்கு அங்க மண்ணு ஒட்டாத ஆளே கிடையாது. அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு.

அதுக்கப்புறம் நான் எத்தனையோ பேரப் பாத்தேன், தச்சேன், திட்டுனேன். திரும்புறப்பல்லாம் அவரு அதே எடத்துல நின்னாரு. கை நட்டுக்குத்தா மேல. நடுக்கமே இல்ல.

"பாய், கை வலிக்கலையா? மாத்திவிடச் சொல்லவா?"

அவரு கண்ணு சொட்டு விழுறதுலயே இருந்துச்சு.

டீ வந்துச்சு. அவரு கால்கிட்ட ஒரு கிளாஸ் வச்சேன். அடுத்து பாக்குறப்ப டீ ஆறி ஏடு படிஞ்சு கெடந்துச்சு.

ரிஃபாய் அந்தப் பக்கமா போனவன் நின்னு பாத்தான். "பாட்டில எதுலக்கா மாட்டுனீங்க?"

"கண்ணு அவிஞ்சு போச்சா ஒனக்கு? போடா, வேலையப் பாரு." அவன் முழிச்சான். போயிட்டான். கிண்டல் பண்றான்னு நெனச்சேன்.

மத்தியானம் சுள்ளுன்னு வெயில் அடிச்சுச்சு. எல்லார் மேலயும் மண்ணு காஞ்சு உதிருது.

அவரு மேல மட்டும் ஈரமாவே இருந்துச்சு...

பாட்டில் மாத்தப் போனேன். அவரு கையக் கொஞ்சம் தாழ்த்தலாம்னு முழங்கையப் புடிச்சேன்.

அசையல.

முழு பலத்தோட இழுத்தேன். அசையல...

பெஞ்சு மேல ஏறி நின்னுதான் பாட்டில மாத்துனேன்.

'ஊய்ங்... ஊய்ங்...'

வண்டிச் சத்தம்! சரியா மூணு மணி. ஒரே வண்டியில மூணு பேர ஏத்துனாங்க. உள்ள இருந்த கொக்கியெல்லாம் மத்த ரெண்டு பேருக்குப் போயிருச்சு. ஆஃப்ரீனத் தூக்குனாங்க. பாய் பாட்டிலோட கூடவே நடந்தாரு. கூடவே ஏறுனாரு. கதவு சாத்துறத நான் கண்ணால பாத்தேன்.

வண்டி போனதும் படியிலயே உக்காந்துட்டேன். கால் வீங்கிப் போயிருந்துச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு ரிஃபாய் ஓடி வந்தான். மொகம் வெளுத்திருந்துச்சு.

"அக்கா, கடைசி ரூம்புக்கு வாங்க. ஆஃப்ரீன் அத்தாவக் குளிப்பாட்டணும், கஃபன் துணி சுத்தணும். கை மடங்க மாட்டேங்குது."

"விறைச்சிருக்கும்டா."

"இல்லக்கா... நீங்க வந்து பாருங்க."

போனேன்.

பெஞ்சு மேல படுக்க வச்சிருந்தாங்க. போர்வை மூடியிருந்துச்சு. போர்வைக்கு வெளிய ஒரு கை.

நட்டுக்குத்தா... மேல...

வெரலு எதையோ இறுக்கிப் புடிச்ச மாதிரி.

"காலையில நாங்க படுக்க வச்சப்ப ரெண்டு கையும் பக்கத்துலதான்க்கா இருந்துச்சு."

மொகத்துத் துணிய விலக்குனேன்.

வெள்ளத் தாடி.

தலையில ஈர மண்ணு.

இப்பத்தான இவர வண்டியில ஏத்திவிட்டேன்... ஓடியிருக்கணும். என்னால ஓட முடியல, அம்புட்டு அசதி. அவரப் பாக்கப் பாக்கப் பயத்த விடப் பாவமா இருந்துச்சு. நான் என்ன நெனச்சேன்னு எனக்கே தெரியல. அந்தக் கை மேல என் கைய வச்சேன்.

"குடுங்க பாய். போதும். நான் புடிக்கிறேன்."

வெரலு ஒவ்வொண்ணா விரிஞ்சுச்சு...

கை மெதுவா எறங்கி நெஞ்சுல படுத்துச்சு.

ரிஃபாய் சொவரோட ஒட்டிக்கிட்டு நின்னான். நான் வெளிய வந்து வாந்தி எடுத்தேன். மறுபடியும் வேலைக்குப் போனேன். வேற ஆளு ஏது? மறுநாள் விடியற வரைக்கும் பள்ளிக்கூட வாசல நான் தாண்டல. இத நூறு பேரு சாட்சி சொல்லுவாங்க.

தை மாசம் ஆஃப்ரீன் பொம்பளப் பிள்ளையத் தூக்கிக்கிட்டு என்னையப் பாக்க வந்துச்சு. லேசாக் காலத் தாங்கித் தாங்கி நடக்குது. என் கையப் புடிச்சுக்கிட்டு அழுதுச்சு.

"ஒங்கள உசுரு இருக்குற வரைக்கும் மறக்க மாட்டேன் சிஸ்டர். அறந்தாங்கிக்கு முன்னாடிலேர்ந்து ஆபரேஷன் ரூம்பு வரைக்கும் நீங்கதான பாட்டிலப் புடிச்சுக்கிட்டு வந்தீங்க."

நான் பிள்ளைய வாங்கி மடியில வச்சுக்கிட்டேன்.

"அதுவரைக்கும் எங்க அத்தா புடிச்சிருந்தாங்க. நீங்க வந்து வாங்குனீங்க. அத்தா என்னையப் பாத்துச் சிரிச்சாங்க, எறங்கிட்டாங்க..." கண்ணத் தொடச்சுக்கிட்டு என்னைய நேராப் பாத்துச்சு. "ஊர்ல சொவரு விழுந்தப்பவே போயிட்டாங்கங்குறாங்க. வீடு திரும்புற வழியிலதான் மவுத்தானாங்களா சிஸ்டர்?"

"ஆமாம்மா"ன்னு சொல்லிட்டேன். வேற என்னத்தச் சொல்ல.