குழலில் ஊதிப் பார்த்தவர்

சங்கரன்கோவிலில் தறி ஓட்டிய காசிதான், மான் வேட்டைக்குத் திருட்டுத்தனமாகப் போகிறவர்களுக்கு நாட்டுத் துப்பாக்கி பார்த்துக் கொடுப்பார். குழல் வாயில் ஊதாமல் எதையும் வாங்கவிட மாட்டார். குழலின் அடியில் தீப்பொறி புகும் பின்துளை வழியே காற்று வந்தால்தான் துப்பாக்கி சுத்தம்.

தன் மக்காச்சோளத்தை மான்கள் மொட்டையடித்த ஆத்திரத்தில் கருத்தப்பாண்டி அவரைச் சிவகிரிக்குக் கூட்டிப்போனான். அங்கே ஒருவன் விற்கக் கொண்டுவந்த துப்பாக்கியில் காசி ஊதினார். காற்று வரவில்லை.

"அண்ணாச்சி, உள்ள வெடிமருந்து கிடக்குமோ?" என்றான் கருத்தப்பாண்டி.

"துருதாம்லே. நாப்பது வருசமா ஊதுதேன், எனக்குத் தெரியாதா? குதிரையத் தூக்கிப் பிடி, காத்து வரும்."

காசி மறுபடியும் குழலில் வாயை வைத்தார். கருத்தப்பாண்டி பின்துளைமேல் சுத்தியல்போல் படிந்திருந்த குதிரையைத் தூக்கினான். விரல் நழுவியது.

காசியை எரித்த பிறகும் மான்கள் வருகின்றன. விரட்ட ஒரு தகரத்தைத் தட்டக்கூட அவனுக்குக் கை எழவில்லை.