சொல்லாமல் விட்ட தீகா

வாசலில் சப்பாத்துகளை யாராவது வரிசையாகக் கழற்றி வைத்திருந்தால் எனக்கு இன்றும் ஒரு பாலத்தின் மேல் நிற்பதுபோல் இருக்கும். நான் இருப்பது மலேசியாவின் பாசிர் கூடாங்கில், அடுக்குமாடி வீட்டில். பக்கத்தில் பாலம்கூட இல்லை. ஆனாலும் அந்த வரிசையைக் கண்டால் கோத்தா திங்கிப் பக்கம் நான் வளர்ந்த ரப்பர்த் தோட்டத்து இரும்புப் பாலமும், அதன் ஓரத்தில் இருந்த ஐந்து ஜோடி வெள்ளைப் பள்ளிச் சப்பாத்துகளும்தான் நினைவுக்கு வரும்.

பதினைந்து வயதில் எழுதும் படிவம் மூன்று பரீட்சை முடிந்து சும்மா பள்ளிக்குப் போய்வந்த நாட்கள் அவை. மதியம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் பையன்கள் நேராகப் பாலத்துக்குப் போவார்கள். சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஒவ்வொருவராக ஆற்றில் குதித்துக் கரையேறுவார்கள். கழற்றியவன் குதிக்காவிட்டால் அவன் சப்பாத்து ஆற்றோடு போகும். இந்தச் சட்டத்தைப் போட்டவன் எங்கள் வகுப்புப் பையன் ஒருவன். எல்லோரையும் மேய்த்ததால் அவனுக்குக் கங்காணி என்று பட்டப்பெயர் வைத்திருந்தோம். அவன் யாரையும் அடித்ததில்லை, லேசாகச் சிரிப்பான், அவ்வளவுதான். வீட்டுப் பிரம்பைவிட அந்தச் சிரிப்புக்குத்தான் எங்களுக்குப் பயம்.

பெண்பிள்ளைகள் குதிப்பதில்லை. கைதட்டுவோம். எண்ணிக்கை சொல்லும் உத்தியோகம் என்னுடையது. மலாயில் ஒன்று, இரண்டு, மூன்று: சாத்து, துவா, தீகா. தீகா என்றதும் குதிக்க வேண்டும். அந்தப் பதவி எனக்குத் தலைக்கேறியிருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வேடிக்கை பார்க்க நாங்கள் இல்லாவிட்டால் ஒருவனும் குதித்திருக்க மாட்டான் என்பது அப்போது என் மண்டைக்கு எட்டவில்லை.

அன்று முதல் ஆளாக நின்றவன் தம்பி, என் சின்னம்மா மகன். என்னைவிட இரண்டே மாதம் இளையவன். அந்த இரண்டு மாதத்துக்காக என்னை 'அக்கா' என்று அவனைக் கூப்பிட வைத்திருந்தேன். நீச்சல் அவனுக்கு அரைகுறை. மூன்று நாள் மழையில் தண்ணீர் பாலத்தின் அடிவரை ஏறி, பால் ஊற்றிய தேத்தண்ணி நிறத்தில் சுழன்றுகொண்டிருந்தது. இது சரியில்லை என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். யார் முதலில் சொல்வது? எனக்கும் தொண்டைவரை வந்தது. ஆனால் வாய் "சாத்து" என்றது. பிறகு "துவா" என்றது.

தம்பி கம்பியைப் பிடித்தபடி திரும்பினான். "எனக்குப் பயமா இருக்கு லா. நான் குதிக்கல."

கங்காணி சிரித்தான். "அப்ப சப்பாத்து?"

தம்பி குனிந்து தன் சப்பாத்தைத் தானே எடுத்து ஆற்றில் வீசினான். வெள்ளம் அதை இழுத்துப்போன வேகத்தைப் பார்த்து எல்லோரும் கம்பியை விட்டுப் பின்னால் நகர்ந்தோம். அடுத்து நின்றவன், "எனக்கும்தான் பயமா இருக்கு," என்று தன்னுடையதையும் வீசினான். அப்புறம் மற்ற இருவரும். கடைசியில் மிஞ்சியது கங்காணி. இப்போது அவன் சிரிப்பைச் சட்டை செய்ய ஆளில்லை. அவனும் சப்பாத்தை எடுத்து வீசினான். ஐந்து பையன்களும் வெறுங்காலோடு செம்மண் சாலையில் நடந்து வீட்டுக்குப் போனார்கள். ஐந்து வீட்டிலும் நல்ல பூசை கிடைத்தது.

தம்பி இப்போது தினமும் மோட்டார்சைக்கிளில் எல்லை தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறான். இந்தத் தீபாவளிக்கு வந்திருந்தபோது, இத்தனை வருடம் உள்ளே அரித்துக்கொண்டிருந்ததைச் சொல்லிவிட்டேன். "அன்னிக்கு நீ வாயத் தொறக்கலன்னா நான் தீகா சொல்லியிருப்பேன்டா."

அவன் கையிலிருந்த முறுக்கைக் கீழே வைத்தான். "என்ன கா சொல்ற? நீதானே மொதல்ல நிப்பாட்டுன? துவா சொல்லிட்டு உன் வாயி அப்படியே நின்னுருச்சு. அதப் பாத்துத்தான் எனக்கே தைரியம் வந்துச்சு. நீ தீகா சொல்லியிருந்தா குதிச்சிருப்பேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கூட்டத்தோடு கோவிந்தா என்பார்கள். அந்தக் கோவிந்தாவை நிறுத்தவும் கூட்டத்தில் ஒரு வாய் தயங்கினால் போதும் போலிருக்கிறது.

போன சனிக்கிழமை, கூட்டாளிகளோடு கடைக்குப் போகிறேன் என்று கிளம்பிய என் பதினைந்து வயது மகள் அரை மணி நேரத்தில் திரும்பி வந்தாள், கூடவே அவள் கூட்டாளிகள் இருவர். கீழே அவர்களுக்குத் தெரிந்த பையன்கள் மோட்டாரோடு காத்திருந்தார்களாம். ஹெல்மெட் இல்லாமல், ரேஸ் விட்டுக்கொண்டு கடற்கரைவரை போவதாகத் திட்டமாம்.

"எனக்கு பயமா இருந்துச்சு மா, ஏறல. அப்புறம் இவங்களும் ஏறல," என்றாள், அது ஒரு விஷயமே இல்லை என்பதுபோல. "மீ இருக்கா? பசிக்குது."

நூடுல்ஸ் வேகவைக்கச் சமையலறைக்குப் போகும் வழியில் வாசலைப் பார்த்தேன். மூன்று ஜோடிச் சப்பாத்துகள் வரிசையாக இருந்தன. சாத்து, துவா என்று எண்ணினேன். கொஞ்சம் நின்றேன். பிறகு சத்தமாகவே சொன்னேன், "தீகா."