அடிக்குறிப்பில் ஓர் ஆயா

தென்காசி ஜெபமலர் பிரெஞ்சு படிக்கப் போனதற்கு அவள் அம்மா ரெபேக்காள்தான் காரணம். ரெபேக்காளுக்குக் கையெழுத்துப் போட மட்டுமே தெரியும். கம்பவுண்டராக இருந்த கணவர் சின்ன வயதிலேயே இறந்துபோக, குற்றாலத்தில் ரப்பர் தோட்டத் துரை ஒருவரின் பங்களாவில் ஆயா வேலைக்குச் சேர்ந்தாள். துரை ஆங்கிலேயர், துரைசாணி பாரிஸ்காரி. கோபம் வந்தாலும் அழுகை வந்தாலும் துரைசாணியின் வாயில் சொந்தப் பாஷைதான் வரும். பதினான்கு வருஷத்தில் ரெபேக்காள் அதைக் காதாலேயே பிடித்துக்கொண்டாள். 1952இல் தோட்டத்தை விற்றுவிட்டு அவர்கள் கப்பலேறியபோது ஒரு தகரப்பெட்டி நிறைய நாவல்களை ஆயாவிடம் விட்டுப்போனார்கள். அடுப்பெரிக்கவாவது ஆகும் என்று துரை சொன்னாராம்.

அந்தப் பெட்டியைத் திறந்தவள் ஜெபமலர். மிஷன் உதவித்தொகையில் கல்லூரிக்குப் போனவள், பிரெஞ்சையே எடுத்துப் படித்து, 1958இல் வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவியானாள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரெஞ்சு நாவல்களில் வீட்டு வேலைக்காரிகள் என்பது தலைப்பு. விடுதியில் இருந்த மற்றப் பெண்கள் ஜட்ஜ் வீட்டிலிருந்தும் டாக்டர் வீட்டிலிருந்தும் வந்தவர்கள். அம்மா என்ன செய்கிறாள் என்று கேட்டபோது, “வீட்லதான் இருக்காங்க” என்றாள் ஜெபமலர். ரெபேக்காள் அப்போது குற்றாலத்தில் இன்னொரு பங்களாவில் வேலையில் இருந்தாள்.

விடுமுறைக்கு வரும்போதெல்லாம் நாவல்களை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவாள். புரியாத இடத்தைத் தமிழில் சொல்லுவாள். ஒருநாள், சீமாட்டி ஒருத்தி கடிதத்தைப் படித்துவிட்டு அழுகிற கட்டம் வந்தது.

“அப்ப வேலைக்காரி எங்க நிக்கா?” என்று ரெபேக்காள் கேட்டாள்.

“அங்கனதாம்மா நிக்கா, வெளக்கப் புடிச்சுக்கிட்டு.”

“என்ன செய்தா?”

“அத எழுதலயே.”

“எப்டி எழுதுவான்? எங்க துரைசாணி அழும்போது நானும் அங்கனதாம்ட்டி நிப்பேன். பாத்தத பாக்கலன்னு நிக்கதுக்குத்தான் எனக்குச் சம்பளம். துணி தொவைக்கதுக்குன்னா நெனைச்ச?”

ஜெபமலர் புத்தகத்தை மூடிவிட்டாள். அதுவரை எத்தனையோ விமர்சனங்களைப் படித்திருந்தாள். ஒன்றிலும் இந்த ஒரு வாக்கியம் இல்லை. பல்கலைக்கழகத்துக்குத் திரும்பியதும் இருபத்துமூன்று நாவல்களை மறுபடி முதலிலிருந்து படித்தாள். எஜமானி அழுகிற கட்டங்களில் எல்லாம் வேலைக்காரி அறையில் இருந்தாள். ஒருத்திக்கும் ஒரு வரி பேச்சு கிடையாது. எஜமானி கொடுத்த வேலையையே நாவலாசிரியரும் அவளுக்குக் கொடுத்திருக்கிறார் என்று நிறுவி, முந்நூறு பக்கம் எழுதினாள்.

அந்த வாக்கியம் எங்கிருந்து கிடைத்தது என்று அடிக்குறிப்பில் சொல்லியாக வேண்டும். பேனாவைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு, ‘எங்கள் வீட்டில் வேலை செய்த ஆயா ஒருத்தி கூறியது’ என்று எழுதினாள்.

கையெழுத்துப் பிரதியை அவளுடைய வழிகாட்டி, பேராசிரியர் சங்கரநாராயணன் 1961இல் வாங்கி வைத்துக்கொண்டார். இன்னும் பழுக்கவில்லை, திருத்தித் தருகிறேன் என்றார். உதவித்தொகை முடிந்தது. ஜெபமலர் ஊருக்கு வந்து ஆலங்குளத்தில் ஒரு பள்ளியில் இங்கிலீஷ் டீச்சராகச் சேர்ந்தாள். மூன்று மாதத்துக்கு ஒரு கடிதம் அவருக்குப் போடுவாள். ‘பார்த்துக்கொண்டிருக்கிறேன்’ என்று ஒரு கார்டு வரும். பிறகு அதுவும் நின்றது.

1964 ஜூனில் விடுதித் தோழி ஆவுடைத்தாயிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. அவள் அதே பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகியிருந்தாள். உள்ளே பாரிஸில் அச்சான ஒரு புத்தகம். அட்டையில் பேராசிரியரின் பெயர். ‘இது உன்னுடையதுதானே?’ என்று ஒரு துண்டுச்சீட்டு. ஜெபமலர் ஆசிரியர் அறையில் நின்றபடியே புரட்டினாள். இருபத்துமூன்று நாவல்களும் அவள் வைத்த வரிசையிலேயே இருந்தன. நாற்பத்தொன்றாம் பக்கத்து அடிக்குறிப்பில், ‘என் சிறுவயதில் எங்கள் வீட்டில் இருந்த ஆயா கூறியது’ என்றிருந்தது.

புகார் எழுதினாள். பல்கலைக்கழகம் மூன்று பேர் கொண்ட குழு ஒன்றை அமைத்தது. கையெழுத்துப் பிரதி தம்மிடம் வரவே இல்லை என்றார் பேராசிரியர். அவர் போட்ட கார்டுகளில் எதைப் பார்க்கிறார் என்று ஒரு சொல்லும் இல்லை; அவளிடம் மிஞ்சியிருந்தவை சில நோட்டுகள்தான். அவற்றையும் அவர் வகுப்பில் சொல்லி அவள் எழுதிக்கொண்ட குறிப்புகள் என்று சொல்லிவிட்டார். அடிக்குறிப்பில் வரும் ஆயா யார் வீட்டவள் என்று தெரிந்துகொள்ள, அவளை நேரில் அழைத்து வர முடியுமா என்று குழு கேட்டு எழுதியது.

ஜெபமலர் குற்றாலத்துக்கு பஸ் ஏறினாள். சாரல் காலம். பங்களாவின் பின்கட்டில், காயாத துணிகளைக் கரி அடுப்புக்கு மேலே பிடித்து உலர்த்திக்கொண்டிருந்தாள் ரெபேக்காள். மகள் எல்லாவற்றையும் சொன்னாள், அடிக்குறிப்பையும் சொன்னாள்.

“எங்க வீட்டு ஆயான்னா எழுதுன?”

“ஆமாம்மா.”

“நமக்கு ஏதுட்டி ஆயா?”

ஜெபமலர் காய்ந்திருந்த துணி ஒன்றை எடுத்து மடித்தாள்.

“அவன் திருடுனான், சரி. அவனுக்கு நான் ஒருத்தி இருக்கதே தெரியாது. ஒனக்குத் தெரியும்லா?” ரெபேக்காள் துணியைத் திருப்பிப் பிடித்தாள். “நான் வரல. ஒங்க வீட்டு ஆயாவத்தான கூப்புடுதாவ. அவளத் தேடிக் கூட்டிட்டுப் போ.”

“நான் செஞ்சது தப்புதாம்மா.”

“போ தாயி. பஸ்ஸு போயிரும்.”

ஜெபமலர் தனியாகத்தான் ரயிலேறினாள். குழுவின் முன்னால், அம்மாவைப் பற்றி முதல் தடவையாக, உண்மையைச் சொன்னாள். அந்த ஆயா என் அம்மா. பங்களாவில் வேலை பார்க்கிறவள். சொல்ல வெட்கப்பட்டு அப்படி எழுதிவிட்டேன் என்றாள்.

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “அப்படியானால் உங்கள் ஆய்விலேயே ஒரு பொய் இருக்கிறது என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள்.”

“ஒரு அடிக்குறிப்பில் மட்டும் சார்.”

“ஒரு இடத்தில் பொய் எழுதியவர், ஆய்வே என்னுடையது என்று சொன்னால் நாங்கள் எப்படி நம்புவது?”

எதிரே உட்கார்ந்திருந்த பேராசிரியர் வருத்தத்தோடு தலையாட்டினார். எல்லா வீட்டு ஆயாக்களும் இப்படி ஏதாவது சொல்லிக்கொண்டுதான் இருப்பார்கள் என்றார். குழுவில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

புகார் தள்ளுபடியானது. ஆராய்ச்சி மாணவியர் பட்டியலிலிருந்தும் அவள் பெயரை எடுத்தார்கள். மறுவருஷம் பேராசிரியர் துறைத்தலைவரானார். அந்தப் புத்தகம் எம்.ஏ. வகுப்புக்குப் பாடமானது. அதைத் தானே நடத்த வேண்டியிருக்கிறது, மன்னித்துக்கொள் என்று ஆவுடைத்தாய் எழுதியிருந்தாள். ஜெபமலர் பதில் போடவில்லை.

ஆலங்குளத்தில் ஏழாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் இங்கிலீஷ் இலக்கணம் நடத்தினாள். கல்யாணம் பேசி வந்த இரண்டு இடங்களையும் வேண்டாம் என்றாள். சனி ஞாயிறுகளில் தென்காசி வீட்டில் அம்மாவும் மகளும் ஒன்றாகவே சாப்பிட்டார்கள், ஒன்றாகவே வேதக்கோயிலுக்குப் போனார்கள். அரிசி, மழை, பக்கத்து வீட்டுப் பேராச்சியின் முழங்கால் வலி என்று பேச்சுக்கும் குறைவில்லை. பங்களாவைப் பற்றி மட்டும் ரெபேக்காள் அதன்பிறகு ஒரு சொல்லும் சொல்லவில்லை. 1967இல் ஒருமுறை ஜெபமலர் ஒரு நாவலை எடுத்துவந்து, “வாசிக்கட்டுமாம்மா?” என்று கேட்டாள். “எனக்கு அதெல்லாம் வெளங்காதும்மா” என்று சொல்லிவிட்டு, ரெபேக்காள் முறத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள்.