அம்மா சுவரில் வரைந்த மலை

ஈரச் சுண்ணாம்பின் நெடியும், வெயிலில் காயும் தேங்காய்ப் பருப்பின் எண்ணெய் வாடையும் ஒன்றாக மூக்கில் ஏறினால் எங்களுக்குப் பொங்கல் வந்துவிட்டது என்று அர்த்தம். காங்கேயம் பக்கத்தில் ஒரு தேங்காய்க் 'களத்தில்' அப்பாவும் அம்மாவும் பருப்பு காயவைத்தார்கள். களத்துக்காரர் கொடுத்த ஒற்றை அறையில் குடியிருந்தோம். ஆண்டுதோறும் பொங்கலுக்கு முந்தின நாள் வீட்டு வாசலில் வேப்பிலையும் பூளைப்பூவும் செருகும் 'காப்புக் கட்டுக்கு' முன்பு வெள்ளையடிக்கும்போது சுவரில் இருந்த படம் மறையும். சுவர் காய்ந்ததும் துணிக்குப் போடும் நீலம், மஞ்சள்தூள், செங்கல் பொடி, அவரை இலைச் சாறு எல்லாம் குழைத்து அதே படத்தை அம்மா திரும்ப வரைவாள்: மூன்று மலை, ஓர் ஓடை, கதவு திறந்த வீடு, வாசலில் ஒரு மாடு.

"ஏனுங்க அம்மணி, மாடு ஊட்ட உடப் பெருசா இருக்குது, எங்கீங்க கட்டுவீங்க?" என்று பக்கத்து அறை அக்கா கேலி செய்வாள்.

"காங்கேயத்து மாடு அப்படித்தானுங்க" என்பாள் அம்மா.

அம்மா வால்பாறையில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் 'லைன்' வீட்டில் பிறந்தவள். அதற்கு மேல் அவள் எதுவும் சொன்னதில்லை. படத்தைப் பார்த்துத்தான் நானும் தங்கையும் மலையைத் தெரிந்துகொண்டோம்.

மழை பொய்த்துக் காய் வரத்து நின்று களத்தை மூடியபோது, மலைக்கே போய்விடலாம் என்றார் அப்பா. "தண்ணிக்குப் பஞ்சமில்ல, தேயிலைத் தோட்டத்துல வேலையும் ஊடும் தர்றாங்க. நீதான் வருசாவருசம் வரையறியே, அதுக்கு மேல என்ன வேணும்?"

அம்மா சுவரைப் பார்க்காமல் சொன்னாள்: "அது நா வரைஞ்சதுங்க. அங்க பொழுது உழுந்தா யாரும் கதவத் தெறக்க மாட்டாங்க. எந் தம்பியச் சிறுத்தை தூக்கிட்டுப் போனது அந்த வாசல்லதானுங்க. பையன அங்க கூட்டிட்டுப் போவேண்டாமுங்க."

அப்பா, "இங்கிருந்தா எல்லாரும் பட்டினி" என்றார். அதுவும் உண்மைதான். போனோம்.

பள்ளிக்கூடம் தேயிலைக் காட்டைத் தாண்டி இருந்தது. திரும்பும்போது இருட்டிவிடும் என்று அம்மா என்னை அனுப்பவில்லை. என் படிப்பு அதோடு நின்றது. அடுத்த பொங்கலுக்கு அப்பாவே கொட்டாங்குச்சியில் நீலம் கரைத்து அவள் முன் வைத்தார். அவள் அதைக் கொட்டிக் கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டு, அட்டை கடித்த கால்களுக்கு உப்புத் தடவப் போய்விட்டாள்.

பிறகு கீழே இறங்கிவிட்டோம். நான் கிடைத்த வேலையைச் செய்து ஊர் ஊராகத் திரிந்து, இப்போது லாரி ஓட்டுகிறேன். களம் இருந்த இடம் வீட்டுமனைகளாகிவிட்டது. அந்த அறையும் இல்லை, சுவரும் இல்லை. அவிநாசியில் தங்கை வீட்டில் இருக்கும் அம்மா சுவரில் கை வைப்பதே இல்லை. வால்பாறைக்கு லோடு ஏற்றும் நாட்களில் மட்டும் போனில் கேட்பாள்:

"பொழுதோட எறங்கிருவியா, கண்ணு?"