பூட்டை உள்ளிருந்து பார்த்தவர்

என்னால் திறக்க முடியாத பூட்டு இந்த ஊரில் இன்னும் மாட்டப்படவில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் பொய், பெருமைக்குத்தான் சொல்கிறேன். பெருக்கல் வாய்ப்பாடு பாதி வருவதற்குள் என் படிப்பு நின்றுபோனது. ஓர் அரத்தையும் ஒரு சாக்கையும் வைத்துக்கொண்டு நடைபாதையில் உட்கார்ந்தவன், இன்றைக்குச் சொந்தக் கடையில் சாவி வெட்டும் இயந்திரத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். யாரும் கைதூக்கி விடவில்லை. நானாக எழுந்தேன்.

அப்படிப்பட்ட நான் ஒருவருக்கு மட்டும் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். எனக்கு நேர் கீழ்வீட்டில் இருக்கும் நர்ஸம்மாவுக்கு. அவரைப் பற்றி வேறு யாரும் எழுதப் போவதாகத் தெரியவில்லை. அதனால் நானே உட்கார்ந்துவிட்டேன்.

ஆள் ஒல்லி, குரல் கனம். பெரிய ஆஸ்பத்திரியில் எப்போதும் இரவுப் பணி, கேட்டு வாங்கிக்கொண்டது. ஊரெல்லாம் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் அவர் வேலை முடிந்து வருவார். ஜன்னலில் தடித்த போர்வையைத் தொங்கவிட்டு, காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு படுத்துவிடுவார். அவருடைய அம்மா நூல் மில்லில் வேலை பார்த்தவர். அப்பா முகம் அவருக்கு நினைவில்லை. அம்மாவுக்கு ஒரே பிள்ளை. அந்த அம்மாவைக் கடைசிவரை தன் கையாலேயே பார்த்துக்கொண்டார். கல்யாணம் பற்றிக் கேட்டால், "தூங்கவே நேரமில்ல, இதுல அது வேறயா" என்று பேச்சை முடித்துவிடுவார். எங்கள் கட்டடத்தில் ஊசி போடவோ கட்டுப் போடவோ யாரும் வெளியே போவதில்லை. பகலில் கதவைத் தட்டி எழுப்புகிறவர்களுக்கு மட்டும் ஊசி கொஞ்சம் கூடுதலாக வலிக்கும் என்று பேச்சு.

இனி கொக்கிக்கு வருகிறேன். அது என் மனைவி வளர்த்த நாய். வால் தாழ்ப்பாள் கொக்கி மாதிரி வளைந்திருந்ததால் நான் வைத்த பெயர். நாய் விஷயத்தில் என் பங்கு அத்தோடு சரி. குட்டியாக வந்த நாள் முதல் அவள் சேலை முந்தானையை விட்டு அது விலகியதே இல்லை. மகளுக்குப் பிரசவம் என்று மனைவி வெளியூர் போனாள். பச்சை உடம்புக்காரியைப் பார்த்துக்கொண்டு சில மாதம் அங்கேயே இருக்கும்படி ஆயிற்று. நான் வழக்கம்போலக் கடைக்குப் போனேன். நாய் வாழ்நாளில் முதல் தடவையாக வீட்டில் தனியாக இருந்தது.

ஒரு சாயங்காலம் படிக்கட்டில் நர்ஸம்மா என்னை மறித்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அண்ணே, உங்க நாய் என்ன, சங்கீதம் கத்துக்குதா?"

"ஏம்மா?"

"நீங்க கதவைப் பூட்டுனதும் ஆரம்பிக்குது. திரும்பி வர்ற வரைக்கும் ஓயல. நேத்து வார்டுல ஒருத்தருக்குக் காய்ச்சல் பாக்கப் போயி, நானே கட்டில்ல சாஞ்சு கண்ணசந்துட்டேன். நோயாளி எந்திரிச்சு எனக்குப் போர்வை போத்திவிடுறாரு."

நான் நம்பவில்லை. மாலையில் நான் வந்ததும் ஆகாயத்துக்கும் பூமிக்குமாகக் குதிக்கிற நாய் அது. ஆனால் உள்ளே போய்க் குனிந்து பார்த்தபோது கதவின் அடிப்பகுதி சிராய் சிராயாகப் பிய்ந்து கிடந்தது. சரி, கதவு சம்பந்தப்பட்ட விஷயம்தானே, இதில் எனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்று அன்றைக்கே வேலையில் இறங்கினேன். அடிப்பாகம் முழுக்கத் தகரம் அடித்தேன். கீழே இன்னொரு தாழ்ப்பாள். பழைய பூட்டைக் கழற்றிவிட்டு, கடையிலேயே கனமான பூட்டாகப் பார்த்துப் போட்டேன். யானை வந்தாலும் அசையாது.

மறுநாள் வந்து திறந்தால் தகரத்தில் ரத்தம். கொக்கியின் முன்னங்கால் நகம் ஒன்று பிய்ந்து தொங்கியது. அதுவரை பாட்டு மட்டும் கேட்ட கட்டடத்துக்கு, இப்போது தகரத்தின் புண்ணியத்தில் மேளமும் சேர்ந்து கேட்டிருக்கிறது.

வீட்டுக்காரர் வந்துவிட்டார். "பூட்டுக்காரரே, மாசக் கடைசிக்குள்ள நாய் போகணும், இல்லன்னா நீங்க போகணும். எனக்குத் தெரிஞ்சவர் கிடங்குக் காவலுக்கு நாய் கேக்குறாரு. கட்டிப்போட்டுச் சோறு போடுவாரு."

கடைக்குக் கூட்டிப்போனேன். இயந்திரம் கிறீச்சிட்டதும் மேஜைக்கடியில் நடுங்கிய நாய், பிடியை உருவிக்கொண்டு சாலையில் பாய்ந்து, பஸ் சக்கரத்தில் மாட்டாமல் மயிரிழையில் தப்பியது. அந்த வழியும் அடைபட்டது. மனைவிக்குப் போன் செய்து கிடங்கு விஷயத்தை மெல்ல எடுத்தேன்.

"கொக்கிய அனுப்பிட்டா நான் எதுக்குங்க அங்க திரும்பி வரணும்?"

"நான் இருக்கேனே."

"நீங்க எங்க இருக்கீங்க. கடையில இருக்கீங்க."

போனை வைத்தேன், கிடங்கு யோசனையையும் அதோடு விட்டேன்.

நாயின் காலுக்குக் கட்டுப் போட நர்ஸம்மா மேலே வந்தார். கட்டிக்கொண்டே, "ஓனர்கிட்ட சொன்னது நான்தான். தூக்கம் போனா எனக்கு வாய் நிக்காது. ஆனா கிடங்குல கட்டிப்போடச் சொல்லி நான் சொல்லல" என்றார். பிறகு கதவைப் பார்த்தார். "இந்தத் தகரம் எதுக்குண்ணே?"

"கதவு வீணாப் போகக் கூடாதுல்ல."

"நோய் நாய்க்கு, வைத்தியம் கதவுக்கா? சரி, இப்போ கடைக்குக் கிளம்புற மாதிரி கிளம்பிக் காட்டுங்க."

சட்டையை மாட்டினேன். தலை வாரினேன். கொக்கி சும்மா படுத்திருந்தது. ஆணியில் தொங்கிய சாவிக்கொத்தை எடுத்தேன். என் கௌரவமே அந்தக் கொத்துதான். இடுப்பில் அது குலுங்குவதைக் கேட்டே தெருவில் நான் வருவதைத் தெரிந்துகொள்வார்கள். சத்தம் கேட்டதுதான் தாமதம், நாய்க்கு மூச்சு இரைத்தது, எச்சில் ஒழுகியது, சுற்றிச் சுற்றி வந்து கதவோடு ஒட்டிப் படுத்துக்கொண்டது.

நர்ஸம்மா போய் அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"எனக்கும் இப்படித்தாண்ணே இருந்துச்சு" என்றார் அப்புறம். "சின்னப் பிள்ளையில பாத்துக்க ஆளில்லாம அம்மா என்னை உள்ள வச்சுப் பூட்டிட்டு மில்லுக்குப் போவாங்க. பூட்டைக் கையில எடுத்தாலே முந்தானையைப் பிடிச்சுத் தொங்குவேன். போனவங்க வரவே மாட்டாங்கன்னு தோணும். கத்திக் கத்தி வாந்தி எடுப்பேன்."

"அப்புறம்?"

"லீவு நாள்ல அம்மா ஒரு விளையாட்டு ஆரம்பிச்சாங்க. பூட்டுவாங்க, உடனே தொறப்பாங்க. பூட்டுவாங்க, கொஞ்சம் நின்னு தொறப்பாங்க. சில சமயம் பூட்டைக் கையில வச்சுக்கிட்டு எங்கயும் போகாம அரிசி பொறுக்குவாங்க. லீவு வந்தாலே இதே வேலைதான். கடைசியில எனக்கே அலுத்துப்போச்சு. போயிட்டு வாம்மான்னு சொல்லிட்டு சொப்பு வச்சு விளையாட உக்காந்துட்டேன்."

எத்தனை ஆயிரம் பூட்டு என் கையில் திறந்து மூடியிருக்கும். அத்தனையும் வெளியே நின்று. உள்ளே இருப்பவருக்கு அந்தச் சத்தம் எப்படிக் கேட்கும் என்று அன்றைக்கு வரை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

மறுநாளிலிருந்து நர்ஸம்மா சொன்ன வைத்தியம் எனக்குத்தான். குளித்துவிட்டு வந்ததும் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே உலாத்த வேண்டும். சாவியைக் குலுக்கிவிட்டுப் பேப்பர் படிக்க வேண்டும். கை வேலையாகச் செய்யக்கூடிய சாவிகளைக் கடையிலிருந்து கொண்டுவந்து நாயின் பக்கத்தில் உட்கார்ந்து அராவினேன். சாவிச் சத்தம் அதற்குத் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் மாதிரி ஆகிப்போனது. அப்புறம்தான் கதவு. வெளியே போய்ப் பூட்டி, உடனே திறந்து, ஒன்றும் நடக்காதது போல உள்ளே வர வேண்டும். கொஞ்சக்கூடாது, விடைபெறக்கூடாது. மேல்மாடிக்காரர் படியிறங்கும்போதெல்லாம் இதைப் பார்த்தார்.

"என்ன பெரியவரே, உங்க பூட்டே உங்களுக்குத் தொறக்கலியா?"

வேறு சமயமாக இருந்தால் அவருக்கு நான் யார் என்று காட்டியிருப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு பூட்டினேன், திறந்தேன்.

நான் கடைக்குப் போகிற நேரத்துக்கு நாயை என்ன செய்வது? அதற்கும் அவர்தான் வழி சொன்னார். "நான் எப்படியும் தூங்கத்தான் போறேன். அதுவும் வந்து தூங்கட்டும்." யாரால் தூக்கம் போனதோ அதையே கட்டிலடியில் படுக்கவைத்துக்கொண்டார். இதைச் செய்ய எத்தனை பேருக்கு மனசு வரும்?

நடுவில் என் கை சும்மா இருக்காமல், நாய் தேறிவிட்டது என்று நானே முடிவு கட்டி, பூட்டிவிட்டு வெகுநேரம் கடைவீதியில் சுற்றிவிட்டு வந்தேன். ஊளை தெருமுனை வரை கேட்டது. "தையல் காயறதுக்குள்ள பிரிச்சுட்டீங்க. மறுபடி முதல்ல இருந்து" என்றார் நர்ஸம்மா. முதலிலிருந்து ஆரம்பித்தேன். பழைய துண்டைச் சுருட்டி நான் இல்லாதபோது நாய் தேடித் தின்ன மடிப்புக்குள் பிஸ்கட்டுகளை ஒளித்து வைத்தேன். மனைவியின் பழைய சேலையைப் படுக்கையாக விரித்தேன். தகரத்தை நானே பிடுங்கி எறிந்தேன். கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டி, கடைசியில் நாயை எங்கள் வீட்டிலேயே விட்டுப் பூட்டிவிட்டுக் கடைக்குப் போகத் தொடங்கினேன்.

மாசக் கடைசியில் வீட்டுக்காரர் கடைக்கே வந்தார். கட்டடத்துக்குப் போய்விட்டுத்தான் வந்திருக்கிறார், முகம் மலர்ந்திருந்தது.

"நாயை அனுப்பிட்டீங்க போல. கதவுகிட்டயே நின்னு பாத்தேன். ஒரு முணுமுணுப்புகூட இல்ல. நல்ல காரியம் பண்ணீங்க."

"வாங்க, காட்டுறேன்" என்று கூட்டிப்போனேன். பூட்டைத் திறந்தேன். கொக்கி சேலை மேலிருந்து எழுந்து, சோம்பல் முறித்து, வாயைப் பிளந்து கொட்டாவி விட்டு, வீட்டுக்காரரின் செருப்பை முகர்ந்துவிட்டு, போய்ப் படுத்துக்கொண்டது. அவர் நாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இருந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

நன்றிக்கு என் கடையிலேயே உயர்ந்த பூட்டை எடுத்துக்கொண்டு நர்ஸம்மா வீட்டுக்குப் போனேன். வாங்க மறுத்துவிட்டார். "எனக்குத் தாழ்ப்பாளே போதும்ணே. அதுக்கு வேணா கொஞ்சம் எண்ணெய் விடுங்க, கிரீச்சுங்குது." விட்டேன். என் வாழ்நாளில் இவ்வளவு கவனமாக ஒரு தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டதில்லை.

மனைவி திரும்பி வந்துவிட்டாள். இப்போது நாங்கள் இருவரும் ஒன்றாக வெளியே கிளம்ப முடிகிறது. கதவைப் பூட்டிவிட்டுக் கீழே இறங்கும்போது நர்ஸம்மா வீட்டு வாசலில் சாவிக்கொத்தைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நிற்பேன். மேலே சத்தமில்லை. உள்ளே அவருடைய குறட்டை. அதைக் கேட்ட பிறகுதான் எனக்குக் கால் நகரும்.