பம்பரில் இரண்டு ஓட்டைகள்

என் மாமனாரின் கார் பம்பரில் இரண்டு ஓட்டைகளைப் போட்டவன் நான். அந்தப் பழி அவருடைய டிரைவர் மேல் விழுந்தபோது பக்கத்திலேயே நின்றுகொண்டு வாயைத் திறக்காதவனும் நான்தான். அந்த மனிதருக்கு வேலை போயிற்று. நாணயமானவர் என்ற பெயரும் போயிற்று. எனக்கு வயதாகிவிட்டது, இனிச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

எண்பதுகளின் தொடக்கம். நான் நாமக்கல்லில் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். மாமனாருக்கு மோகனூர்ப் பக்கம் வாய்க்கால் பாசனத்தில் கரும்பும் வாழையும் இருந்தன. லீவு நாட்களில் நானும் மனைவியும் அவர் வீட்டில்தான் இருப்போம். கோயம்புத்தூரில் ஒருவரிடம் பழைய கார் ஒன்றை வாங்கினார். வாங்கியதும் முதல் வேலையாக, துரு ஏறிக் கிடந்த முன் பம்பரைக் கழற்றிச் சேலத்துக்கு அனுப்பிக் குரோமியப் பூச்சு போட்டு வாங்கினார். அதுவரை வண்டியின் நம்பர் பம்பரின் மேலேயே பெயிண்டால் எழுதப்பட்டிருந்தது. பூச்சு போட்டு வந்தபோது நம்பர் இல்லை, கண்ணாடி மாதிரி ஒரு பம்பர்தான் இருந்தது. மாமனார் அதன் முன் குனிந்து மீசையைச் சரிசெய்துகொள்வதை நான் பார்த்திருக்கிறேன்.

அதன் மேல் மறுபடி பெயிண்ட் படக் கூடாது, ஓட்டையும் விழக் கூடாது என்று சொல்லிவிட்டார். அவருடைய பழைய டிராக்டரின் மட்கார்டில் ஆணி அளவு ஓட்டையில் தொடங்கிய துரு அதை முழுக்கத் தின்றிருந்தது. அவர் பயத்தில் நியாயம் இருந்தது. ஆனால் சேலத்தில் ஒரு நாற்சந்தியில் போலீஸ்காரர் வண்டியை நிறுத்தி, முன்னால் நம்பர் எங்கே என்று கேட்டு, மாமனாரை உச்சி வெயிலில் இறக்கி நிற்கவைத்தார். ஊரில் அவர் நடந்து வந்தால் எழுந்து நிற்பார்கள். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டார்:

"ஓட்டை போடாம நம்பர் பிளேட்டை மாட்ட முடியாதுங்களா மாப்பிள்ளை? நீங்க படிச்சவங்க."

முடியும் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம்.

முதலில் செம்புக் கம்பியால் கட்டினேன். பம்பரின் கீழ் விளிம்பு கம்பியை அறுத்துவிட்டது. ஒரு பக்கம் தொங்கிய பிளேட், வாய்க்கால் கரை ரோடு முழுக்க ஆடிப் புதுப்பூச்சில் கீறல் போட்டது. மாமனார் அந்தக் கீறலை விரலால் தடவிவிட்டு உள்ளே போனார். அடுத்து லாரி டியூபை வார் வாராக வெட்டிப் பம்பரைச் சுற்றி இறுக்கினேன். வெயிலில் ரப்பர் இளகி, பிளேட் ஒரு மூலைக்கு நகர்ந்து சாய்ந்துகொண்டது. பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் போட்டு ஒட்டிப் பார்த்தேன். ராத்திரி ஒட்டியிருந்தது, மத்தியானம் கொட்டகையில் தரையில் கிடந்தது. இரும்புப் பட்டையைக் கொக்கி மாதிரி வளைத்து மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் மாட்டி இறுக்கியது கொஞ்ச நாள் தாங்கியது. பரமத்தி போகும் வழியில் அதுவும் கழன்று, பிளேட் எங்கே விழுந்தது என்றே தெரியவில்லை. புதிதாக எழுதி வாங்க வேண்டியதாயிற்று. வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். பம்பரை வடிவமைத்தவனைத் திட்டினேன், ரோட்டைத் திட்டினேன்.

டிரைவர் திருச்செங்கோட்டுக்காரர், என் வயதுதான். அவருடைய அண்ணன் போர்வெல் ரிக் லாரியில் வேலை பார்த்தார். நான் ஸ்பேனரும் கையுமாக வண்டிக்கு முன் குந்தியிருக்கும்போதெல்லாம் டிரைவர் துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே எதையாவது சொல்லுவார். ஒரு நாள் வாசலில் எல்லோரும் இருக்கையில் சொன்னார்:

"எங்கூருக்காரங்க ஊர் ஊராப் போயிப் பூமியவே ஓட்டை போடறாங்க. இந்தத் தகரத்துல ரெண்டு ஓட்டைக்கு வழியில்லீங்களா சார்?"

மாமனார்கூடச் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை.

பம்பரை வண்டியோடு பிடித்திருக்கும் போல்ட்டுகள் ஏற்கெனவே இருந்தன. அவற்றைத் தளர்த்தி, நடுவில் ஒரு பட்டையைச் சொருகினால் போதும், புது ஓட்டையே தேவையில்லை. அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் பூச்சுக்கடையில் பழைய போல்ட்டுகளையே போட்டு முறுக்கியிருந்தார்கள். சேற்றிலும் தண்ணீரிலும் ஓடி அவை இறுகிப்போயிருந்தன. ஸ்பேனர் வழுக்கி என் விரல் முட்டியில் தோல் உரிந்ததுதான் மிச்சம்.

கொழுந்தியாளின் நிச்சயத்துக்குச் சேலம் போவதற்கு முதல் நாள் அது. மறுநாள் அதே நாற்சந்தி வழியாகத்தான் போக வேண்டும். டிரைவர் அன்று லீவில் ஊருக்குப் போயிருந்தார். சாப்பிட்டுவிட்டு எல்லோரும் கண்ணயர்ந்திருந்தார்கள். கல்லூரி ஆய்வகத்திலிருந்து ஒரு கை டிரில் எடுத்து வந்திருந்தேன். பட்டையில் ஓட்டை போடத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது பாதி உண்மை. போல்ட்டுகளில் மண்ணெண்ணெய் ஊற்றிக் காலைவரை ஊறவிட்டிருந்தால் கழன்றிருக்கும். காலைவரை நேரம் இருந்தது. எனக்குப் பொறுமைதான் இல்லை. டிரில் முனையைப் பம்பரில் வைத்துச் சுற்ற ஆரம்பித்தேன். பூச்சு செதில் செதிலாகப் பிய்ந்து வந்தது. இரண்டு ஓட்டை போட்டு, பிளேட்டைச் சின்னப் போல்ட்டுகளால் முறுக்கினேன். அந்தப் போல்ட்டுகளை மறைக்கிற மாதிரி பழைய கொக்கிப் பட்டைகளை மேலேயும் கீழேயும் மாட்டிவைத்தேன், அவைதான் பிளேட்டைத் தாங்குவதுபோல.

மறுநாள் போலீஸ்காரர் பார்த்தார், கையைக் காட்டிப் போகச் சொன்னார். நிச்சய வீட்டில் மாமனார் சம்பந்திகளை வாசலுக்குக் கூட்டிவந்து வண்டியின் முன்னால் நிறுத்தினார். "ஒரு ஓட்டை இல்லீங்க. எங்க மாப்பிள்ளை மாட்டினது" என்றார்.

ஆயுத பூஜை வந்தது. ஏர், மோட்டார், வண்டி எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் வைத்து வாசலில் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். தட்டில் சூடம் எரிந்துகொண்டிருந்தது. நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் சேறு அடைந்திருக்கிறதே, கழுவிவிடலாம் என்று டிரைவர் அதைக் கழற்றினார். ஓட்டை போட்டவனாக இருந்தால் அவராகவே அதைக் கழற்றியிருப்பாரா என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியது எனக்கு மட்டும்தான்.

ஓட்டைகளைச் சுற்றிப் பூச்சு உரிந்து பழுப்பேறியிருந்தது. மாமனார் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் டிரைவரைத்தான் பார்த்தார். தகரத்துல ரெண்டு ஓட்டை என்ற அந்தப் பழைய கேலி எல்லோருக்கும் ஞாபகம் வந்துவிட்டது. மாப்பிள்ளை மாட்டிய கொக்கி பிறகு ஆடியிருக்கும், இவர்தான் ஓட்டை போட்டு முறுக்கியிருப்பார் என்று நினைத்துவிட்டார்கள்.

"நானில்லீங்க சாமி" என்றார் டிரைவர்.

"அப்பிடின்னா இந்தச் சூடத்தை அணைச்சுச் சொல்லு. நம்பிக்கறேன்."

எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்துச் சொல்வது எங்கள் பக்கத்துச் சத்தியம். டிரைவர் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்க ஊட்டுல சூடம் அணைக்கறதில்லீங்க."

காரணத்தையும் சொன்னார். வரப்புத் தகராறு ஒன்றில் அவருடைய அப்பா உள்ளதைச் சொல்லித்தான் சூடம் அணைத்தாராம். அந்த வருஷமே வீட்டில் ஒரு குழந்தை போய்விட்டது. பொய்யோ மெய்யோ, இனி யாரும் அணைப்பதில்லை என்று அன்றே வீட்டோடு முடிவு செய்துவிட்டார்கள். அவருக்கும் சின்னக் குழந்தைகள் இருந்தன. வாசலில் நின்றவர்கள் இதை ஒரு சாக்காகத்தான் கேட்டார்கள்.

என்னை யாரும் கேட்கவில்லை. மாப்பிள்ளையைச் சத்தியம் கேட்பது எங்களில் கிடையாது, கேட்டால் உறவே அறுந்துபோகும். அந்த மரியாதைக்குப் பின்னால் நான் பத்திரமாக நின்றேன். இத்தனைக்கும் எனக்குச் சூடத்தில் நம்பிக்கை இல்லை. அது எப்படித் திடநிலையிலிருந்து நேராக ஆவியாகிறது என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறவன் நான். அதற்குப் பயந்த மனிதரை அதன் முன்னால் தனியே விட்டுவிட்டேன்.

நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார் மாமனார். டிரைவர் கையிலிருந்த துணியைப் பிழிந்து காயப்போட்டார், சாவியைப் பானெட்டின் மேல் வைத்தார், நடந்து போனார். சூடம் அணைக்க மாட்டேன் என்ற சேதி அவருக்கு முன்னால் போய்விட்டது. கார் வைத்திருந்த வேறு யாரும் அவரைச் சேர்க்கவில்லை. கடைசியில் அண்ணனோடு ரிக் லாரி ஏறிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். ஏறினால் ஆந்திராவோ வடக்கோ, மாதக்கணக்கில் வீடு திரும்ப முடியாது.

சில வருஷம் அப்படியே ஓட்டினேன். ஒரு நாள் திருச்செங்கோடு பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். வெயிலில் கறுத்துப்போயிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, "வாங்க சார், உக்காருங்க" என்று தன் இடத்தைக் கொடுத்தார். உட்கார முடியவில்லை. நின்றபடியே சொல்லிவிட்டேன், டிரில் எடுத்து வந்ததிலிருந்து எல்லாவற்றையும்.

"எங்கிட்டச் சொல்லி என்னுங்க சார் ஆகுது? நான் போடலைன்னு எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்டப் போயிச் சொல்லுங்க."

ஈரோடு பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

அந்த வாரமே மனைவியோடு மோகனூர் போனேன். மாமனார் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சொல்லி முடித்தேன்.

"நான் அவனைச் சூடம் அணைக்கச் சொன்னப்ப நீங்க எங்கீங்க நின்னீங்க?"

"பக்கத்துலதான் மாமா."

"பக்கத்துலதான்" என்று அவரும் ஒரு தரம் சொன்னார். என் மனைவி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

கொஞ்சம் கழித்து மாமனார் சொன்னார்: "பிளேட்டைக் கழட்டுங்க மாப்பிள்ளை. அந்த ரெண்டு ஓட்டையும் வெளிய தெரியற மாதிரி வேற எடத்துல மாட்டுங்க. புதுசா ஓட்டை போட வேண்டாம்."

போல்ட்டுகளில் மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டுப் படுத்தேன். காலையில் ஸ்பேனரை வைத்ததும் கழன்றன. இவ்வளவுதான். பட்டையை வளைத்து, போல்ட்டுக்குப் பின்னால் சொருகி முறுக்கி, பிளேட்டைப் பம்பருக்குக் கீழே தொங்கவிட்டேன். கையால் பிடித்து ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. மேலே இரண்டு ஓட்டைகளும் துரு வளையத்தோடு திறந்து கிடந்தன.

டிரைவர் ஊரில் இருக்கிற நாள் விசாரித்து அவர் வீட்டுக்குப் போனோம். நான் வண்டி ஓட்டினேன், மாமனார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். டிரைவர் வீட்டு வாசலில் அக்கம்பக்கத்தார் கேட்க, "தப்பு எம்பேர்ல சாமி. மறுபடி வண்டிக்கு வந்துரு" என்றார் மாமனார்.

"ரிக்குல இருக்கறேனுங்க. அதுவே போதும்" என்றார் டிரைவர். குரலில் கோபம் இல்லை, வருகிற எண்ணமும் இல்லை. அவர் மனைவி எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். மாமனாருக்குக் கையில் கொடுத்தார், எனக்குச் செம்பைக் கீழே வைத்தார்.

கிளம்பும்போது டிரைவர் வண்டியின் முன்னால் வந்து குனிந்தார். ஓட்டைகளைப் பார்த்தார். பிளேட்டை ஒரு தட்டுத் தட்டினார்.

"இப்ப ஆடலீங்க" என்றார் மாமனாரிடம்.

வண்டியை விற்கும்வரை மாமனார் அந்த ஓட்டைகளை அடைக்கவிடவில்லை. கல்யாண வீடு, கரும்பு ஆலை, சந்தை, எங்கே நிறுத்தினாலும் யாராவது ஒருவர் இது என்ன ஓட்டை என்று கேட்காமல் போவதில்லை. "அது எங்க மாப்பிள்ளை போட்டதுங்க. டிரைவர் போடலீங்க" என்பார். கேட்டவர் சங்கடத்தோடு என்னைத் திரும்பிப் பார்ப்பார். நான் பக்கத்திலேயே நிற்பேன்.

"ஆமாங்க, நான்தான்" என்பேன்.