பச்சையாக நின்ற கரும்பு

சிங்கப்பூர் சாங்கி விமான நிலையச் சரக்கு முனையத்தின் உணவகத்தில், மிளகாய்ச் சம்பல் புட்டியில் சாய்த்து வைத்த கைபேசித் திரையில் ஒரு கரும்பு நீளவாக்கில் பிளந்து கிடந்தது. உள்ளே வெண்மையாக இருக்க வேண்டிய தண்டு செக்கச்செவேலென்று இருந்தது. சிவப்புக்கு நடுவே குறுக்காக வெள்ளைத் திட்டுகள். எதிரே உட்கார்ந்திருந்த அக்கா, சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

“மோந்து பாருங்கண்ணே” என்றார் திரையைப் பார்த்து.

“புளிச்ச கள்ளு வாடை அடிக்குதும்மா” என்றார் ஊரிலிருந்த அவர் அண்ணன்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

அவரும் நானும் ஒரே அலுவலகத்தில் சரக்கு ஆவணங்கள் பார்த்தோம். கணவருக்குக் கப்பல் பட்டறையில் வேலை கிடைத்து இங்கே வருவதற்கு முன், தமிழ்நாட்டில் ஒரு கரும்பு ஆராய்ச்சிப் பண்ணையில் புதிய ரகங்களை உருவாக்கிக்கொண்டிருந்தவர் அவர். இங்கே பிறந்த எனக்குக் கரும்பு என்றால், பொங்கலுக்குத் தேக்கா சந்தையில் வாங்கும் இரண்டு கழிதான். ஒரு ரகம் வயலுக்கு வரப் பத்து வருடத்துக்கு மேல் ஆகும் என்பதும், நாற்றுகளுக்கு வேண்டுமென்றே, தண்டை உள்ளுக்குள் சிவக்க அழுகவைக்கும் செவ்வழுகல் பூஞ்சையை ஏற்றி, தாங்கி நிற்பதை மட்டும் வைத்துக்கொள்வார்கள் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். அப்படித் தாங்கி நின்ற அவருடைய ரகத்தைத்தான் அண்ணன் நட்டிருந்தார். தங்கை உருவாக்கியது என்று பெருமையாகச் சொல்லி, பக்கத்து வயல்காரர்களுக்கும் நடுவதற்கு விதைக் கரணை வெட்டிக் கொடுத்திருந்தார்.

“மருந்து அடிக்க முடியாதாக்கா?” என்று கேட்டேன்.

“தண்டுக்குள்ள போயிடுச்சு. அடிச்சாலும் போய்ச் சேராது. நாங்க ஏத்திப் பார்த்த பூஞ்சைக்கு இந்தக் கரும்பு அசையல. இது வேற மாதிரி மாறி வந்திருக்கணும்.”

அன்றிலிருந்து மதிய இடைவேளை முழுவதும் அந்த வயலில்தான் கழிந்தது. அண்ணன் கைபேசியோடு வரப்பில் நடப்பார். மேலிருந்து மூன்றாவது, நான்காவது இலை மஞ்சளாகிக் காய்ந்த தூர்களை அக்கா இங்கிருந்து ஒவ்வொன்றாகக் காட்டுவார். ஒரு கட்டத்தில் காட்டுவதையே நிறுத்திவிட்டார்.

“மொத்தத்தையும் தோண்டிக் கொளுத்திடுங்கண்ணே. மழை வந்தா தண்ணியோட அடுத்த வயலுக்கும் போயிடும்.”

“காஞ்சத எல்லாம் எடுத்துட்டேன். மிச்சம் பச்சையா நிக்குதும்மா. எப்படிக் கொளுத்தறது?”

அக்கா கெஞ்சினார். கோபித்தார். பிறகு அண்ணியிடம் பேசினார். பழைய பண்ணையிலிருந்து ஆட்கள் போய் மாதிரி எடுத்தார்கள். சோதித்துச் சொல்ல மாதக் கணக்காகும் என்றார்கள். ஊருக்குப் போக அக்காவுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் ரோட்டில் கரும்புச்சாறு வாங்க நின்றோம். சாறு வரும்வரை இருக்க முடியாமல் அவர் வெயிலில் நடந்து போய்விட்டார்.

மழை வந்தது. பச்சையாக நின்றதும் காய்ந்தது. அடுத்த வயலிலும் அதற்கடுத்ததிலும் இலைகள் மஞ்சளாகின. அப்போதுதான் அண்ணன் தீ வைத்தார். திரையில் புகையைத் தவிர எதுவும் தெரியவில்லை. “உன் பேரச் சொல்லித்தானம்மா எல்லாருக்கும் குடுத்தேன்” என்று மட்டும் கேட்டது. அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் அக்கா தாங்கியிருப்பார். அது இல்லை. அக்கா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

பண்ணையிலிருந்து பதில் வந்தபோது அண்ணன் வயலில் நெல் நட்டிருந்தார். பூஞ்சை புது வடிவம்தான். பழைய சோதனையில் அது தெரிந்திருக்க வழியில்லை.

“என் மேல தப்பு இல்லையாம்” என்றார் அக்கா. “இத அண்ணன்கிட்ட எப்படிச் சொல்றது?”

ஆனாலும் அழைத்தார். பூஞ்சை எப்படி மாறுகிறது, அதைத் தாங்கும் அடுத்த ரகத்துக்கு எந்தத் தாய்க்கரும்புகளை எடுக்கலாம் என்று மூச்சு விடாமல் சொன்னார். அண்ணன் குறுக்கே பேசாமல் கேட்டார்.

“அது எப்போம்மா வயலுக்கு வரும்?”

வருடக் கணக்கு இருவருக்குமே தெரியும். அண்ணனுக்கு அப்போதே அறுபதை நெருங்கும் வயது.

“சரி விடு. சாப்பிட்டியா?” என்றார் அவர்.

“சாப்பிட்டேண்ணே” என்றார் அக்கா. அவர் தட்டில் சோறு தொடாமல் இருந்தது.